பெங்களூரு பால்கனியிலும் மாடியிலும் தக்காளி: புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவில் வாடகை வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருந்துகொண்டு முதல்முறையாகத் தக்காளி வைக்கப்போகிறவர்களுக்கானது இது. மருந்து, மாயக்கரைசல் என்று தேடுவதற்கு முன் வெயிலையும் தண்ணீரையும் கவனியுங்கள் என்பதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறோம். வீட்டுத் தக்காளியின் தொல்லைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எந்த மாதத்தில் விதைக்கலாம்?

செப்டம்பர் இரண்டாம் வாரம் விதையுங்கள். ஆயுத பூஜை வாக்கில் நாற்று நடலாம். பொங்கலுக்குள் சமையலறைக்குப் பழம் வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பகல் 26 முதல் 30 டிகிரி, இரவு 15 முதல் 18 டிகிரி என்று தக்காளி கேட்கும் தட்பவெப்பம் தானாகவே அமைகிறது. சென்னையிலிருந்து வந்தவர்கள் அங்கே பூவெல்லாம் உதிர்ந்ததை நினைத்துத் தயங்க வேண்டாம்.

அதைத் தவறவிட்டால் டிசம்பர் கடைசியில் விதைத்து ஜனவரி கடைசியில் நடலாம். ஏப்ரல் வெயில் ஏறுவதற்குள் முதல் இரண்டு மூன்று கொத்துகளாவது பிஞ்சு பிடித்துவிடும். மே முதல் ஜூலை வரை விதைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அப்போது வளரும் செடி ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் மாட்டிக்கொண்டு கருகல் நோயில் போகும். மழை மேலே விழாத கூரையடி இடம் இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

எங்கள் பால்கனியில் வெயில் போதுமா?

ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். 4 மணி நேரம் கிடைத்தால் செர்ரித் தக்காளி ஓரளவு காய்க்கும். அதற்கும் குறைவென்றால் கொத்தமல்லி, புதினா, கீரை பக்கம் போய்விடுவது நல்லது.

'வெளிச்சம் நிறைய வருகிறது' என்பது கணக்கில் வராது. செடி வைக்கப்போகும் இடத்தில் கை நீட்டினால் தரையில் கூர்மையான நிழல் விழவேண்டும். இதை ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பால்கனி எந்தத் திசை பார்த்தது என்பதும் முக்கியம். பெங்களூருவில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்கிறார்களே, அதுதான். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், மேலே தளம் உள்ள தெற்குப் பால்கனிக்கு வெயில் அநேகமாக நின்றுவிடும். அதே பால்கனியில் டிசம்பரில் வெயில் சுவர் வரை உள்ளே வரும். ஆகவே ஜூன் மாதம் பார்த்துவிட்டுத் தெற்குப் பால்கனியை ஒதுக்கிவிடாதீர்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான பருவத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கிழக்குப் பால்கனியும் நல்லதே. மேற்கில் மாலை வெயில் மார்ச்சுக்குப் பிறகு சுடும். வடக்கு வேண்டாம்.

எந்த ரகம் வாங்குவது?

நகருக்கு வெளியே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா ரகங்களிலிருந்து தொடங்குங்கள். அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் ஆகிய வீரிய ஒட்டு ரகங்கள் இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கக்கூடியவை. பின்பருவக் கருகலையும் சேர்த்துத் தாங்குவது அர்கா அபேத். மழைக்காலத்தில் துணிந்து வைக்கிறவர்களுக்கு அது ஏற்றது. அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்துவைக்க விரும்பினால் அர்கா விகாஸ். அது ஒட்டு ரகம் இல்லை என்பதால் தாய்ச்செடி மாதிரியே பிள்ளையும் வரும். நிலையம் இணையம் வழியாகவும் விதை விற்கிறது.

சிறிய பால்கனிக்குச் செர்ரித் தக்காளி வசதி. பூ உதிர்வு குறைவு, காயின் அடி கறுக்கும் நுனி அழுகல் அனேகமாக வராது, பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்றுவிடுவார்கள்.

கடையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து விதைக்கலாமா?

முளைக்கும். என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் 'பெங்களூர் தக்காளி' என்று விற்கும் கெட்டித்தோல் பழம் இங்கே வெறும் தக்காளிதான். அது வீரிய ஒட்டு ரகம், அடுத்த தலைமுறை கலைந்து வரும். ரசத்துக்குப் புளிப்பான நாட்டுத் தக்காளி வேண்டுமென்றால், இங்குள்ள காய்கறிக் கடைகளில் 'நாட்டி' என்று கேட்டு வாங்கி, நன்றாகப் பழுத்ததிலிருந்து விதை எடுங்கள். விதையைச் சாற்றோடு 2 நாள் ஊறவைத்தால் வழவழப்பு பிரிந்துவிடும். பிறகு அலசி, நிழலில் காயவைத்துக்கொள்ளலாம்.

விதையா, நாற்றா?

முதல் தடவை என்றால் நாற்று வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரப் பகுதி நர்சரிகளில் 'டொமேட்டோ சசி' என்று கேட்டால் போதும். பூ வைத்த உயரமான நாற்று பார்க்க அழகாக இருக்கும், அதை எடுக்காதீர்கள். ஒரு சாண் உயரம், பென்சில் போன்ற தண்டு, 4 அல்லது 5 இலை, இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை ஈ இல்லாதது, அதுவே நாற்று.

விதையென்றால் குழித்தட்டில் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் சம அளவு நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. 5 முதல் 8 நாளில் முளைக்கும். முளை தெரிந்த அன்றே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள்ளேயே வைத்தால் நூல் மாதிரி நெட்டையாகிச் சாயும். தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சுருங்கி விழுந்தால் நாற்றழுகல். தண்ணீர் அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள். 25 நாளில் நடவுக்குத் தயார்.

தொட்டி எவ்வளவு பெரியது? மண் கலவை என்ன?

செடிக்கு ஒரு 20 லிட்டர் தொட்டி. காலி பெயின்ட் வாளி, 15 அங்குலக் குரோ பேக், எதுவானாலும் சரி. சின்னத் தொட்டியில் செடி வளரும். ஆனால் மதியத்துக்குள் மண் காய்ந்து, பின்னால் வரும் பாதித் தொல்லைகளுக்கு வழி பிறக்கும். ஒரே தொட்டியில் இரண்டு செடி வேண்டாம். அடியில் விரல் தடிமனில் 5 அல்லது 6 துளை போடுங்கள். கீழே ஓட்டுச்சில்லும் ஜல்லியும் பரப்புவது பழைய வழக்கம். அதனால் வடிகால் அதிகமாகாது. வேருக்கான இடம்தான் குறையும். துளையை மறைக்க ஒரு துண்டு வலை போதும்.

20 லிட்டருக்குக் கணக்கு: செம்மண் 8 லிட்டர், அலசிய நார்த்தூள் 5 லிட்டர், மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ 6 லிட்டர், மணல் 1 லிட்டர், வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம். தொழு உரத்தை இங்கே நர்சரிகளில் 'கொட்டிகெ கொப்பர' என்பார்கள். கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக்கூடாது, சூடும் இருக்கக்கூடாது. நார்த்தூள் கட்டியை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். கலந்த மண்ணை ஈரப்படுத்தி 10 நாள் வைத்துவிட்டு நடுவது நல்லது.

நனைந்த தொட்டி ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பத்துத் தொட்டியைப் பால்கனிக் கைப்பிடி ஓரம் அடுக்காமல் சுவரோரம் பரப்பி வையுங்கள். கீழே தட்டும் வையுங்கள். செம்மண் நீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டினால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் படம் வரும்.

நடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மாலையில் நடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக வையுங்கள். புதைந்த தண்டு முழுவதும் வேர் விடும் குணம் தக்காளிக்கு உண்டு. கத்திரி, மிளகாய்க்கு இந்த உத்தி இந்த அளவுக்குப் பலிக்காது. அன்றே 5 அடி மூங்கில் குச்சியையும் ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். தண்டைப் பழைய வேட்டிக் கிழிசலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டினால் போதும். முதல் 4 நாள் நேர்வெயில் படாமல் வைத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

தண்ணீர் எவ்வளவு? ஆர்.ஓ. கழிவுநீர் ஊற்றலாமா?

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விடுங்கள். அங்கே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். நடவு முடிந்த முதல் மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை லிட்டர். காய்க்கும் செடிக்குக் குளிர்காலத்தில் தினம் ஏறக்குறைய 1 லிட்டர். மார்ச், ஏப்ரலில் 2 லிட்டர் வரை, அதைக் காலை, மாலை என்று பிரித்து. இலையில் படாமல் மண்ணில் ஊற்றுங்கள். ஒருநாள் மறந்து மறுநாள் சேர்த்து ஊற்றுவதுதான் கேடு: நுனி அழுகல், பழ வெடிப்பு இரண்டுக்கும் அதுவே காரணம். வாரக்கடைசியில் ஊருக்குப் போகிறவர்கள் மண்மேல் 2 அங்குலம் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போர்த்துங்கள். இரண்டு நாள் தாங்கும்.

2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. அரிசி, காய்கறி கழுவிய நீர் தக்காளிக்குத் தாராளமாக ஆகும். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அடர்ந்திருக்கும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். கருவியில் 1000-க்குக் கீழே காட்டினால் பாதிக்குப் பாதி வேறு நீர் கலந்து ஊற்றலாம். அதற்கு மேல் என்றால் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையோ டேங்கர் நீரையோ மட்டுமே நம்பியிருந்தால் மண்மேல் வெள்ளைப் பொருக்கு படியும். மாதம் ஒருமுறை மழைநீர் கிடைக்கும்போது தொட்டி முழுக்க வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள். துணி துவைத்த நீர் வேண்டாம்.

பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டுமா?

ரகத்தைப் பொறுத்தது. குட்டையாகப் புதர்போல நின்றுவிடும் ரகத்தில் கிள்ளினால் காயைத்தான் இழப்பீர்கள். செர்ரி போல ஓயாமல் நீளும் ரகத்தில் இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைக்கும் துளிர்களை, விரல்நீளம் வருமுன் கிள்ளி, இரண்டு தண்டு மட்டும் விடுங்கள். அர்கா ரக்ஷக் இரண்டுக்கும் நடுவில். முதல் பூங்கொத்துக்குக் கீழே இருப்பதை மட்டும் எடுத்தால் போதும். எந்த ரகமானாலும் மண்ணைத் தொடும் இலைகளை நீக்குங்கள்.

உரம் எப்போது, எவ்வளவு?

நட்ட 20-ஆம் நாளிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. பஞ்சகவ்யம் விரும்புகிறவர்கள் லிட்டருக்கு 30 மில்லி. ரசாயன உரத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் பூக்கும்வரை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம், 10 நாளுக்கு ஒருமுறை. பூத்தபின் சாம்பல் சத்து மிகுந்ததற்கு மாறுங்கள்.

இலை மட்டும் கரும்பச்சையாய்க் கொழுத்து, பூவே இல்லையென்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. ஒரு மாதம் நிறுத்துங்கள். கீழ் இலைகள் முழுதாய் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறும் முதுமை. கீழ் இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் மக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 3 கிராம் இலைமேல் தெளிக்கலாம். அதே அறிகுறி கொழுந்தில் வந்தால் இரும்புச்சத்துக் குறைவு. உவர் நீர் ஊற்றும் வீடுகளில் சகஜம். எப்சம் உப்பை எல்லாச் செடிக்கும் வாராவாரம் போடச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். தேவையில்லாமல் போட்டால் சுண்ணாம்புச் சத்தை வேர் எடுப்பது குறையும்.

பூக்கிறது, ஆனால் உதிர்ந்துவிடுகிறதே?

பகல் 34, 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவு 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் வீணாகிப் பூ காம்பின் கணுவில் பழுத்து விழும். ஏப்ரலில் நடப்பது இது. மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டி, காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

டிசம்பரிலும் உதிர்கிறது என்றால் பால்கனியைப் பாருங்கள். கண்ணாடி ஜன்னல் போட்டு அடைத்த பால்கனியில் காற்று ஆடாது, தேனீ வராது. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தம் உதிர ஓர் அதிர்வுதான் வேண்டும். காலை 10 மணிக்கு மேல் பூங்கொத்தின் காம்பை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். பழைய மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் ஒரு விநாடி வைத்தால் இன்னும் நல்லது. பூ விரிந்திருக்கும் நாள்களில் தினமும் செய்யுங்கள். ஒரு வாரத்தில் பிஞ்சு தெரியும்.

இலை சுருள்கிறது. வைரஸா?

அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். மூன்று விதச் சுருளல் உண்டு.

கீழ் இலைகள் மட்டும் நீளவாக்கில் மேல்நோக்கிச் சுருண்டு, தோல்போலத் தடித்து, நிறம் மாறாமல் இருந்தால் அது வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் செடி காட்டும் பதில். கிளைகளை அதிகம் வெட்டினாலும் வரும். காய்ப்பு பாதிக்காது. கொழுந்து இலைகள் கீழ்நோக்கி மடங்கி, அடிப்பக்கம் எண்ணெய் தடவிய வெண்கலம்போல் மினுங்கினால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் தெளியுங்கள். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், இல்லையேல் இலை கருகும்.

கொழுந்து இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம்போல் குவிந்து, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாக நின்றுவிட்டால் அதுதான் இலைச்சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. இதில் ஒரு வகைக்கு அறிவியல் பெயரே பெங்களூரின் பெயரில் இருக்கிறது. ஊருக்கு இப்படியும் ஒரு புகழ். இதற்கு மருந்து கிடையாது. மோர், பெருங்காயம் எதுவும் மீட்காது. செடிமேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் அதிலிருக்கும் ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறக்கும். தடுப்புதான் வழி: முதல் 40 நாள் நெருக்கமான நைலான் வலை, தொட்டிக்கருகே மஞ்சள் ஒட்டட்டை, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 1 மில்லி திரவ சோப்பு, நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கத்தில்.

காயின் அடி கறுத்துக் குழிகிறது. முட்டை ஓடு போடலாமா?

நுனி அழுகல் இது. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. ஆனால் மண்ணில் அது இல்லை என்று பொருளில்லை. சுண்ணாம்பு தண்ணீரோடு ஏறுவது. மண் ஒருநாள் காய்ந்து ஒருநாள் மூழ்கினால் கடைசியில் இருக்கும் காய்நுனிக்கு எட்டாது. முட்டை ஓடு மக்கப் பல மாதம் ஆகும், இந்தச் செடிக்கு உதவாது. தண்ணீரைச் சீராக்குங்கள், மண்மேல் காய்ந்த இலையாலோ நாராலோ மூடாக்குப் போடுங்கள். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள். அடுத்த கொத்து சரியாக வரும்.

மழைக்குப் பிறகு இலையெல்லாம் கருகுகிறதே?

கீழ் இலையிலிருந்து தொடங்கி, வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி என்றால் முன்பருவக் கருகல். மெதுவாக ஏறும். இலையை நீக்கிவிட்டு, மண் தெறிக்காமல் மூடாக்குப் போட்டால் கட்டுப்படும். வெந்நீர் ஊற்றியதுபோல் பெரிய கறுப்புத் திட்டுகள், தண்டிலும் கறுப்பு, மூன்று நான்கு நாளில் செடி முழுதும் என்றால் பின்பருவக் கருகல். குளிர்ந்த தொடர்மழையில் வருவது. பரவியபின் பிழைக்காது. மழைக்கு முன்பே சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 10 கிராம் தெளித்துவருவது நல்லது. தொடங்கிவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 3 கிராம். உறையில் உள்ள இடைவெளி நாள் கழித்தே பறியுங்கள், நன்றாகக் கழுவுங்கள்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று பச்சையாகவே வாடித் தொங்குகிறது?

மண் ஈரமாக இருந்தும் மாலையில் நிமிராவிட்டால், தண்டை அடியில் வெட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியோடு மண்ணும் போனது. அந்த மண்ணில் தக்காளி, கத்திரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம்.

புழு?

காயில் பெரிய ஓட்டை, பாதி உடல் வெளியே நீட்டியிருக்கும் பச்சைப் புழு என்றால் காய்ப்புழு. கையால் எடுத்துப்போடுங்கள். பத்துச் செடிக்கு இரண்டு செண்டுமல்லி வைத்தால் தாய்ப்பூச்சி அந்தப் பூவுக்கும் போகும். இலையில் காகிதம்போல் வெளுத்த திட்டு, காம்போரம் ஊசி குத்தியது போன்ற துளை என்றால் ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து வந்து 2014-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது. திட்டு விழுந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். தொட்டியடியில் போட்டால் அங்கேயே கூட்டுப்புழுவாகிவிடும்.

எப்போது பறிப்பது? எத்தனை கிலோ கிடைக்கும்?

அடியில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்ததும் பறித்துக் கூடையில் வைத்தால் நாலைந்து நாளில் அதே ருசியோடு பழுக்கும். குரங்கும் அணிலும் வரும் பகுதிகளில் இதைத் தவிர வேறு வழியில்லை. ஏப்ரலில் 30 டிகிரிக்கு மேல் செடியிலேயே விட்டால் சிவப்பு ஏறாமல் ஆரஞ்சாக நின்றுவிடும். குளிர்பெட்டியில் பழுக்கவைக்காதீர்கள்.

நல்ல வெயிலில், 20 லிட்டர் தொட்டியில் செடிக்கு 2 முதல் 3 கிலோ. அர்கா ரக்ஷக் செடிக்கு 19 கிலோ என்று செய்தி படித்திருப்பீர்கள். அது வயலில், சொட்டுநீரில் வந்த கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 6 செடி வையுங்கள், மூன்று வார இடைவெளியில் இரண்டிரண்டாக.

காய்ப்பு முடிந்த தொட்டி மண்ணை என்ன செய்வது?

வாடல் வராத மண் என்றால் வேர்களைப் பொறுக்கிவிட்டு, பாயில் பரப்பி ஏப்ரல் வெயிலில் ஒரு வாரம் காயவையுங்கள். மூன்றில் ஒரு பங்கு புது மண்புழு உரம், தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து, முதலில் கீரையோ அவரையோ போடுங்கள். தக்காளி அதே மண்ணுக்குத் திரும்பக் குறைந்தது இரண்டு பருவம் போகட்டும்.